குதிரைகளின் கதை – 17: டெலவேர் திடலில் ஒரு வியாழக்கிழமை

ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸிலிருந்து வடக்கே சுமார் 25 மைல் தள்ளி டெலவேர் என்றொரு ஊர். அதே பெயரில் கிழக்குக் கடலோரம் ஒரு மாநிலமும் உண்டு. அது வேறு, இது வேறு. அமெரிக்காவின் 19-ஆம் ஜனாதிபதி ரூதர்ஃபோர்டு ஹேய்ஸ் 1822-இல் பிறந்தது இங்கேதான். அவர் பிறந்த வீடு இன்று இல்லை. அந்த இடத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. ஓரமாக ஒரு நினைவுக்கல். ஜனாதிபதியின் வீட்டைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாத ஊர், ஒரு குதிரைப் பந்தயத்தை மட்டும் 1946 முதல் விடாமல் நடத்திக்கொண்டிருக்கிறது. பந்தயத்தின் பெயர் லிட்டில் பிரவுன் ஜக். ஊர்க்காரர்களுக்கு வெறும் ‘ஜக்’.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை அமெரிக்காவில் உழைப்பாளர் தினம். அது முடிந்து மூன்றாவது வியாழக்கிழமை ஜக் நடக்கும். பெரிய நகரத்து ரேஸ் கோர்ஸில் அல்ல. மாட்டுக் கொட்டகை, பூசணிக்காய்ப் போட்டி, ராட்டினம், பலகாரக் கடை எல்லாம் உள்ள கவுண்டி கண்காட்சித் திடலில், அரை மைல் சுற்றளவுள்ள ஒரு மண் தடத்தில். மூன்று வயதுக் குதிரைகள் மட்டும்தான் ஓடலாம். ஒரு குதிரைக்கு மூன்று வயது ஒருமுறைதான் வரும், தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

கிண்டியையும் ஊட்டியையும் மனதில் வைத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே குதிரை மேல் ஜாக்கி கிடையாது. பின்னால் எடை குறைந்த இரண்டு சக்கர வண்டி. ஓட்டுபவர் இரு கால்களையும் முன்னால் நீட்டி, குதிரையின் வாலை ஒட்டினாற்போல் உட்கார்ந்திருப்பார். கொங்குப் பக்கத்து ரேக்ளா வண்டியில் பலகையைக் கழற்றிவிட்டு சைக்கிள் சக்கரம் மாட்டினால் எப்படியோ அப்படி. இதற்குச் சல்கி என்று பெயர். அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகக் கூடாது. போனால் ஓட்டுநர் உடனே கடிவாளத்தை இழுத்து, வெளிப்பக்கம் ஒதுங்கி, பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றவர்கள் போய்விடுவார்கள்.

அனுமதிக்கப்பட்ட நடை இரண்டு. வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தால் அந்தக் குதிரை டிராட்டர். வலது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து போய், அடுத்து இடப்பக்க இரண்டும் சேர்ந்து போனால் அது பேஸர். உடம்பு பக்கவாட்டில் அசைந்து அசைந்து போகும். இனம் இரண்டுக்கும் ஒன்றுதான். 1788-இல் ஃபிலடெல்ஃபியாவில் வந்து இறங்கிய மெஸெஞ்சர் என்ற குதிரையையும், அதன் வம்சத்தில் 1849-இல் பிறந்த ஹாம்பிள்டோனியனையும் முன் அத்தியாயங்களில் பார்த்தோம். 1879-இல் வளர்ப்போர் சங்கம் ஒரு மைலை 2 நிமிடம் 30 நொடிக்குள் ஓட வேண்டும் என்று ஒரு தரம் வைத்தது. அந்தத் தரத்தைத் தொட்ட குதிரைகளிலிருந்து வந்த இனம்தான் ஸ்டாண்டர்ட்பிரெட்.

பெயர் ஒன்று, மரியாதை ஒன்றல்ல. டிராட்டர் என்றால் கனவான்களின் குதிரை; பேஸர் என்றால் கிராமத்துக் குதிரை. டென்னசியிலும் இண்டியானாவிலும் சேறும் சகதியுமான பாதையில் மணிக்கணக்காக ஏறிப்போக சுகமான நடை என்று விவசாயிகள் வைத்துக்கொண்டது. நியூயார்க் பணக்காரர்கள் அதைப் பந்தயத் தடத்தில் பார்க்கவே கூச்சப்பட்டார்கள். இந்த ஏளனம் எவ்வளவு காலம் நீடித்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் ஜக் ஏன் பிறந்தது என்று புரியும்.

1875-இல் டென்னசியில் பிறந்த ஒரு பேஸர்தான் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த குதிரை. 1869-இல் வெளிவந்து ஊரெல்லாம் பாடிய ஒரு குடிப்பாட்டின் பெயரும் லிட்டில் பிரவுன் ஜக்தான். 1881 ஆகஸ்டில் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டு களத்தில் ஒரே நாளில் மூன்று முறை ஒரு மைல் ஓடியது அந்தக் குதிரை. முதல் ஓட்டம் 2 நிமிடம் 11¾ நொடி. இரண்டாவதும் அதே. மூன்றாவது 2 நிமிடம் 12½. மூன்று ஓட்டத்திலும் முக்கால் நொடிக்குமேல் வித்தியாசம் இல்லை! அன்றைய வண்டி உயரமான மரச் சக்கரம் கொண்டது. தடம் இன்றைய தடம் அல்ல. மூன்று ஓட்டத்துக்கும் சேர்த்து அது உலக சாதனை. அதன் உடன்பிறந்த குதிரை பிரவுன் ஹால். அந்த பிரவுன் ஹாலின் மகன் ஸ்டார் பாயின்டர், 1897 ஆகஸ்ட் 28 அன்று பாஸ்டனுக்குப் பக்கத்து ரெட்வில்லில் ஒரு மைலை 1 நிமிடம் 59¼ நொடியில் முடித்தது. இரண்டு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் ஸ்டாண்டர்ட்பிரெட் ஒரு பேஸர்தான். கனவான்களின் டிராட்டர் அல்ல.

இதற்கிடையே இரண்டு சாமான்கள் வந்து ஆட்டத்தை மாற்றின. ஒன்று, 1880-களில் இண்டியானாவில் கண்டுபிடித்த கால்வார். ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் வளைய வார்களால் இணைத்துவிட்டால் பேஸர் எளிதில் நடை மாறாது. பழமைவாதிகள் இதை ‘இண்டியானா கால்சட்டை’ என்று கேலி செய்தார்கள். பணம் கட்டுகிறவனுக்கோ கொண்டாட்டம். தான் காசு வைத்த குதிரை பாதியில் பாய்ச்சல் போட்டுக் கெடுக்காது என்ற நம்பிக்கை. இன்னொன்று, 1892-இல் சல்கியில் ஏறிய காற்றடைத்த சைக்கிள் சக்கரம். மரச் சக்கரம் ஒரே பருவத்தில் மூலைக்குப் போனது. நேரங்கள் நொடிக்கணக்கில் விழுந்தன.

அதற்குப் பின் டான் பேட்ச் என்ற பேஸரின் காலம். 1905-இல் 1:55¼. அந்தக் குதிரையின் படம் அடுப்பில், பொம்மையில், சுருட்டுப் பெட்டியில் என்று எதில்தான் இல்லை! அந்த அதிகாரபூர்வ சாதனையை முறியடிக்க 33 வருடம் ஆயிற்று. 1938-இல் பில்லி டைரக்ட் என்ற பேஸர் லெக்சிங்டனில் 1:55-இல் ஓடியது. அத்தனைக்குப் பிறகும் மூன்று வயதுக் குதிரைகளுக்கான பெரும் பந்தயம் என்றால் டிராட்டர்களுக்குத்தான். 1926-இல் தொடங்கிய ஹாம்பிள்டோனியன் பந்தயத்தில் பேஸர் ஓட முடியாது. வேகத்தில் முந்தியவனுக்குப் பந்தியில் இடமில்லை.

டெலவேர்க்காரர்கள் சிலருக்கு இது உறுத்தியது. ஜோ நெவில் வக்கீல். ஹாங்க் தாம்ஸன் உள்ளூர் நாளிதழான டெலவேர் கெஸட்டின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர். ஆர்.கே. மெக்நமாரா கட்டட ஒப்பந்தக்காரர். திடலில் அரை மைல் தடத்தை அமைத்தவர். மூவரில் ஒருவரும் கோடீஸ்வரர் இல்லை. ஹாம்பிள்டோனியனுக்கு நிகராகப் பேஸர்களுக்கு ஒரு பந்தயம், அதுவும் தங்கள் கண்காட்சித் திடலில் என்று முடிவு செய்தார்கள். பத்திரிகை வாசகர்களுக்குப் போட்டி வைத்துப் பெயர் தேடியபோது கிடைத்ததுதான் 1881-இல் ஹார்ட்ஃபோர்டில் ஓடிய குதிரையின் பெயர். பணத்துக்கு அவர்கள் கையாண்டது பழைய வழி: குதிரை சின்னக் குட்டியாக இருக்கும்போதே பெயர் பதிந்து, வளர வளரத் தவணை கட்டிக்கொண்டு வர வேண்டும். ஓடாமல் போன குட்டியின் தவணையும் பரிசில் சேரும். 1946-இல் முதல் ஜக்கின் பரிசுத் தொகை 35,358 டாலர். ஒரு கவுண்டி கண்காட்சிக்கு அது பெரிய பணம்.

முதல் ஜக்கை வென்றது என்ஸைன் ஹனோவர். ஓட்டியவர் வெய்ன் ஸ்மார்ட். எல்லோருக்கும் ‘கர்லி’. அந்தத் தடத்தைப் பராமரிக்கும் பொறுப்பும் கர்லி ஸ்மார்ட்டிடம்தான் இருந்தது. தடத்தைத் தன் கையால் சீர்செய்தவரே முதல் பரிசை வாங்கினார் என்றால் நம் ஊரில் மனு போட்டிருப்பார்கள். அங்கே கைதட்டினார்கள். 1952-இல் மெடோ ரைஸ் என்ற குதிரையோடு இன்னொரு முறையும் வென்றார். டெலவேர் தடம் அரை மைல் தடங்களில் மிக வேகமானது என்று பேர் வாங்கியதில் அவர் பங்கு பெரிது. மண்ணை எப்போது நனைப்பது, எப்போது வாரி விடுவது என்ற கைப்பக்குவம் அது.

அதே 1946-இல் நியூயார்க் லாங் ஐலண்டில் இருந்த ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில் இன்னொன்று நடந்தது. ஒஹாயோக்காரரான ஸ்டீவ் பிலிப்ஸ் வடிவமைத்த ஓடும் கதவு முதன்முதலாகப் பயனுக்கு வந்தது. ஒரு காரின் பின்புறம் இருபக்கமும் நீளச் சிறகு. அதை மூக்கால் தொட்டபடி குதிரைகள் வரிசையாக வரும். கோட்டைத் தொட்டதும் கார் வேகமெடுத்துச் சிறகை மடக்கி விலகிப்போகும். இதைப் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. அதற்கு முன் ஓட்டுநர்கள் தாங்களாகவே வரிசை சேர்ந்து கோட்டை நோக்கி வருவார்கள். ஒருவர் முந்தினால் நடுவர் மணி அடித்துத் திரும்பக் கூப்பிடுவார். மறுபடி, மறுபடி. தந்திரக்கார ஓட்டுநர் வேண்டுமென்றே முந்தி முந்தி வந்து எதிராளியின் குதிரையைக் களைக்க வைப்பதும் உண்டு. பார்க்க வந்தவன் கொட்டாவி விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். கார் கதவு வந்த பிறகே இந்த விளையாட்டு இரவு விளக்கில் நகரத்துக் கூட்டத்தைப் பிடித்து வைத்தது.

ஜக்கைத் தனியாக நிறுத்துவது இரண்டு விஷயம். முதலாவது அந்த அரை மைல் தடம். ஒரு மைல் ஓட இரண்டு சுற்று. நான்கு முழு வளைவு. கடைசி நேர்ப்பாதை சின்னது. உள்வேலியை ஒட்டி ஓடும் குதிரைக்கும், அதற்கு வெளியே ஓடும் குதிரைக்கும் நடுவே ஐந்தடி இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 31 அடி கூடுதல். இரண்டு சுற்றும் வெளியிலேயே ஓடினால் 62 அடிக்கு மேல். இந்தக் காலத்துக் குதிரை 1 நிமிடம் 50 நொடியில் மைலை முடிக்கிறது; நொடிக்கு 48 அடி. ஆக, வெளிப்பக்கம் சிக்கிய குதிரை ஒரு நொடிக்கு மேல் கடனோடு ஓடுகிறது. போதாததற்கு எதிர்காற்றை அதுவே கிழிக்க வேண்டும். முன்னால் இன்னொரு குதிரை போனால்தான் மறைப்பு. எந்த எண் இடத்திலிருந்து கிளம்புவது என்ற சீட்டுக் குலுக்கலே பாதி விதியைத் தீர்மானித்துவிடுகிறது. உள்ளே இருப்பவன் முன்குதிரையின் முதுகில் ஒளிந்துகொண்டு சொகுசாக வருவான். வழி கிடைக்காமல் அடைபட்டு, பலம் மிச்சமிருந்தும் தோற்பவனும் அவனேதான். ஓட்டுநரின் மூளைக்கு ஒரு மைல் தடத்தில் இல்லாத வேலை இங்கே உண்டு.

இரண்டாவது, ஒரே பிற்பகலில் ஒரு முறைக்கு மேல் ஓட வேண்டிய கட்டாயம். குதிரைகளைப் பிரிவு பிரித்து ஓடவிடுவார்கள். தேறியவை மறுபடி வரும். நீண்ட காலம் இருந்த விதிப்படி, ஜக்கை எடுக்க ஒரு குதிரை இரண்டு ஓட்டம் வெல்ல வேண்டியிருந்தது. தன் பிரிவில் வென்ற குதிரையே அடுத்ததிலும் வென்றால் கதை முடிந்தது. வேறொன்று வென்றால், அதுவரை ஓட்டம் வென்றவை மட்டும் திரும்பத் தடத்துக்கு வர வேண்டியிருந்தது. இடைவேளையில் கொட்டகையில் பார்த்தால் இதன் கடுமை தெரியும். வியர்வை நுரையைக் கழுவி, வாய்க்குள் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி, முதுகில் போர்வை போட்டு, தசை இறுகாமல் இருக்க மெதுவாக நடத்திக்கொண்டே இருப்பார்கள். பழைய காலத்தில் எல்லாப் பந்தயமும் இப்படித்தான் நடந்தது. மற்றக் களங்கள் பெரும்பாலும் இதைக் கைவிட்டன, டெலவேர் விடவில்லை. விலங்கின் மேல் இவ்வளவு சுமை தேவையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு முறை அதிர்ஷ்டத்தில் வென்றுவிடலாம், இரண்டு முறை கடினம் என்ற வாதத்துக்கு ஜக்கின் பட்டியலே சாட்சி.

அந்தப் பட்டியலில் ஒரு அப்பாவின் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. 1940-இல் பிறந்த ஏடியோஸ் என்ற பேஸரை 1948-இல் டெல்வின் மில்லர் 21,000 டாலருக்கு வாங்கி, பென்சில்வேனியாவில் இருந்த தன் பண்ணைக்குக் கொண்டுபோனார். மில்லரும் சாமானியர் அல்ல. 1950-இல் டட்லி ஹனோவரை ஓட்டி ஜக்கை வென்றவர். ஏடியோஸின் மகன்கள் 1954-இல் ஒரு ஜக், 1956-இல் ஒன்று, பிறகு 1958 முதல் 1962 வரை ஐந்து வருடமும் வரிசையாக, கடைசியாக 1965-இல் ஒன்று என்று எட்டு ஜக் எடுத்தார்கள். வேறு எந்தத் தகப்பனும் அப்படி ஒரு காலத்தைக் கட்டியாண்டதில்லை.

எட்டில் இரண்டு பெயர் போதும். 1959-இல் ஏடியோஸ் பட்லர், கனடாக்காரர் கிளின்ட் ஹாட்ஜின்ஸ் ஓட்ட, 1:59.2-இல் வந்தது. இந்த விளையாட்டில் புள்ளிக்குப் பின் வருவது ஐந்தில் ஒரு பங்கு நொடி, 1:59.2 என்றால் 59 நொடிக்கு மேல் ஐந்தில் இரண்டு. ஜக்கில் இரண்டு நிமிடத்துக்குக் கீழே வந்த முதல் மைல் அது. யாங்கர்ஸ் களத்தில் 1955-இல் தொடங்கிய கேன் பேஸ், ரூஸ்வெல்ட்டில் 1956-இல் தொடங்கிய மெஸெஞ்சர் ஸ்டேக்ஸ், டெலவேரின் ஜக், இந்த மூன்றையும் வெல்வதுதான் பேஸர்களின் ட்ரிபிள் கிரௌன். முதலில் வென்றது ஏடியோஸ் பட்லர். இன்றுவரை வென்றவை பத்தே குதிரைகள். கடைசி, 2003-இல் நோ பேன் இன்டெண்டெட்.

இரண்டாவது பெயர் பிரெட் ஹனோவர். இரண்டு வயதில் 24 பந்தயம் ஓடி 24-உம் வென்றது. தொடர் வெற்றி 35 வரை போனது. ஃபிராங்க் எர்வின் அதை ஓட்டி 1965-இல் ஜக்கை எடுத்தபோது ஆச்சரியப்பட யாரும் இல்லை. அவருக்கு அது மூன்றாவது ஜக். முதலாவது 1949-இல் குட் டைம் என்ற குள்ளக் குதிரையோடு.

தோற்றவர்களின் கதை இதைவிடச் சுவையானது. 1971-இல் ஆல்பட்ராஸ், கேன் பேஸையும் மெஸெஞ்சரையும் வென்றுவிட்டு டெலவேருக்கு வந்தது. மூன்றாவது மகுடம் கையில் வந்த மாதிரிதான் எல்லோரும் பேசினார்கள். எர்வே ஃபிலியோன் ஓட்டிய நான்ஸ்மண்ட் அதைப் பறித்துக்கொண்டது. ஒன்பது வருடம் கழித்து, 1980-இல் ஆல்பட்ராஸின் மகன் வந்து சேர்ந்தது: நயட்ராஸ். பழக்கி, ஓட்டியவர் கிளின்ட் கால்பிரெய்த். அந்த ஜூலையில் சரடோகா களத்தில் இந்தக் குதிரை ஓட்டத்தின் நடுவே உள்வேலிக்கு மேல் விழுந்து, வாழ்க்கையில் முதல்முறை தோற்றிருந்தது. செப்டம்பரில் ஜக்கை வென்றது. அந்த வருட ட்ரிபிள் கிரௌனும் அதற்கே. அக்டோபர் 1 அன்று லெக்சிங்டனில் கடிகாரத்தை மட்டும் எதிர்த்து ஓடி 1:49.1. அதற்கு முன் இருந்த சாதனை 1:52. ஐந்தில் ஒரு பங்கு நொடிக்குச் சண்டை போடும் விளையாட்டில் கிட்டத்தட்ட மூன்று நொடியை ஒரே மைலில் வெட்டியது. மொத்தம் 39 பந்தயத்தில் 37 வெற்றி.

அதற்கு அடுத்த வருடம்தான் எனக்குப் பிடித்த ஜக். ஃபான் ஹனோவர், இதுவும் ஆல்பட்ராஸின் வாரிசு, ஆனால் மகள். பெண் குதிரைகளுக்கென்று 1971 முதல் புதன்கிழமை ஜகெட் என்ற தனிப் பந்தயம் இருக்கிறது. ஃபான் ஹனோவரை ஆண் குதிரைகளோடு மோதவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். ஓட்டியவர் க்ளென் கார்ன்ஸி. 1981-இல் ஜக்கை எடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு பெண் குதிரை இந்தப் பந்தயத்தை வென்றதில்லை. நயட்ராஸின் மகன் நிஹிலேட்டர் 1985-இல் வென்றதையும் சேர்த்தால், 1971-இல் வெறுங்கையோடு போன குடும்பம் வட்டியோடு வசூலித்துவிட்டது.

ஓட்டுநர்களில் பில்லி ஹாட்டன், மிஷெல் லாஷான்ஸ், ரான் பியர்ஸ் ஆளுக்கு ஐந்து முறை வென்றார்கள். ஹாட்டன் 1986-இல் யாங்கர்ஸ் களத்தில் நடந்த விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். சல்கியில் கவிழ்ந்தால் விழுவது பின்னால் வரும் குதிரைகளின் குளம்புக்கு முன்னால். தலைக்கவசம் எல்லாவற்றுக்கும் காவல் இல்லை.

இனி பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1976-இல் நியூஜெர்ஸியில் மெடோலாண்ட்ஸ் களம் திறந்தது. ஒரு மைல் சுற்று, அகலத் தடம், நியூயார்க் பக்கத்தில், ஜக்கைவிடப் பெரிய பரிசு. மறுபக்கம், ட்ரிபிள் கிரௌனின் மற்ற இரண்டு பந்தயங்கள் வீடில்லாமல் அலைந்தன. ரூஸ்வெல்ட் ரேஸ்வே 1988-இல் மூடப்பட்டது. மெஸெஞ்சர் களம் களமாகப் போனது. கேன் பேஸ் யாங்கர்ஸை விட்டு நியூஜெர்ஸியின் ஃப்ரீஹோல்டுக்குப் போய் அங்கிருந்தும் நகர்ந்தது. அந்த ஃப்ரீஹோல்டும் 2024 டிசம்பரில் கதவை மூடிவிட்டது. நகரத்து நிலத்துக்கு விலை ஏறியபோது குதிரைத் தடம் கண்ணை உறுத்தியது; சூதாட்டத்துக்கு வேறு வழிகள் வந்தபோது கூட்டமும் போனது. கண்காட்சித் திடலை யாரும் அப்படி விற்றுவிட முடியாது. அது வருடம் முழுக்க லாபம் பார்க்க வைத்த இடமும் அல்ல.

ஜக்கைப் புறக்கணித்தவர்களும் உண்டு. 2008-இல் கனடாவிலிருந்து வந்த சம்பீச்சம்வேர், 21 பந்தயத்தில் 20 வென்ற குதிரை. பேஸர்களில் தலைசிறந்தது எது என்று கேட்டால் இன்றும் பலர் சொல்லும் பெயர். அது டெலவேருக்கு வரவில்லை. சின்னத் தடமும் ஒரே நாளில் இரட்டை ஓட்டமும் விலையுயர்ந்த குதிரைக்கு ஆபத்து என்று நினைப்பவர்கள் சம்பீச்சம்வேரோடு முடிந்துவிடவில்லை. அந்த வருட ஜக்கை ஷேடோ பிளே எடுத்தது. குதிரையின் உடைமையாளருக்குத் தன் குதிரையை எங்கே ஓட்டுவது என்ற உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் குதிரையின் பட்டியலில் எனக்கு ஒரு வரி குறைவுதான்.

வந்தவர்கள் என்ன தருவார்கள் என்பதற்கு 2015 ஒரு சான்று. விகிள் இட் ஜிகிள் இட் என்று விளையாட்டுத்தனமான பெயர். காயடித்த குதிரை என்பதால் நாளைக்கு இனவிருத்திக்கு விற்கும் கணக்கும் இல்லை. உடைமையாளர் ஜார்ஜ் டீக், ஓட்டியவர் அவர் மகன் மான்ட்ரெல். இறுதி ஓட்டத்தில் டேவிட் மில்லர் ஓட்டிய லாஸ்ட் ஃபார் வேர்ட்ஸ் உள்வேலியைப் பிடித்துக்கொண்டது. விகிள் வெளிப்பக்கம் மாட்டிக்கொண்டது. மேலே போட்ட கணக்குப்படி, அடிக்கு அடி கடன். கடைசி வளைவில் லாஸ்ட் ஃபார் வேர்ட்ஸ் தெளிவாக முந்திப் போக, விகிள் அவ்வளவுதான் என்று வேலியோரம் இருந்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நேர்ப்பாதையில் மான்ட்ரெல் கேட்டதும் குதிரை மறுபடி எழும்பியது. அங்குலம் அங்குலமாக இடைவெளி குறைந்து, கோட்டில் ஒரு மூக்கு அளவில் வென்றது. அந்த வருடத்தின் சிறந்த குதிரை என்ற பட்டமும் அதற்கே. 1993-இல் ஜான் காம்பெல் லைஃப் சைன் என்ற குதிரையை இதேபோல வெளியிலேயே ஓட்டி வென்றதோடு ஒப்பிட்டு, எது பெரியது என்று இன்னும் வாதாடுகிறார்கள். என் ஓட்டு 2015-க்கு.

இதைப் பார்க்க வரும் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்தயத்துக்குப் பல நாள் முன்பே வீட்டு முற்றத்து மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து தடத்தின் வேலியோரம் போட்டு, கயிறாலோ சங்கிலியாலோ கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது அவர்கள் இடம், யாரும் நகர்த்துவதில்லை. சில குடும்பங்கள் தலைமுறையாக ஒரே இடத்தில் உட்காருகின்றன. வியாழக்கிழமை காலை, வேலியைச் சுற்றி விதவிதமான நிறத்தில் நாற்காலி வரிசை. கையில் எலுமிச்சைச் சாறும் ரொட்டிக்குள் வைத்த இறைச்சியும். ஒலிபெருக்கியில் பல பத்தாண்டுகள் ரோஜர் ஹஸ்டனின் குரல். நகரத்து மூடிய அரங்குகளில் திரையைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் இருக்க, இங்கே குதிரையின் மூச்சு காதில் விழும் தூரத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறான். ஜக் இன்னும் பிழைத்திருப்பதற்கு நான் சொல்லும் காரணம் இதுதான்: நெவிலும் தாம்ஸனும் பந்தயத்தை முதலில் ஊருக்காக நடத்தினார்கள்; வியாபாரம் அதற்கு அடுத்துத்தான் வந்தது. வேகம், பரிசு, களத்தின் வசதி எதிலும் ஜக் இன்று முதலிடம் அல்ல. பேஸர் ஓட்டுநர் ஒருவரைப் பிடித்து வாழ்நாளில் எந்தப் பந்தயத்தை வெல்ல ஆசை என்று கேட்டால், பெரும்பாலும் டெலவேரைத்தான் சொல்வார்.

பில்லி டைரக்ட் 1938 செப்டம்பர் 28 அன்று லெக்சிங்டனில் காலில் வார் எதுவும் இல்லாமல் 1:55-இல் ஓடியதை மேலே ஒரு வரியில் கடந்துவிட்டேன். மறுநாளே அதே தடத்தில் கிரேஹவுண்ட் என்ற சாம்பல் நிற டிராட்டர் 1:55¼-இல் ஓடியது. பேஸருக்கும் டிராட்டருக்கும் இடையிலான பழைய வழக்கு அந்த இரண்டு நாளில் எப்படி நடந்தது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)